மூலஸ்தானத்துக்கு மேலே

கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை ஒரு கல்யாணம் நடக்க இருந்தது. அந்த வாரச் செவ்வாய்க்கிழமை பிற்பகல், எல்லோரும் அண்ணை என்று கூப்பிடும் கோயில் பொறுப்பாளர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். மணமகள் அவருடைய ஒரே மகள்.

"தம்பி, ஒரு சின்ன அலுவல். ஒரு கையெழுத்துத்தான் வேணும்."

நகரத்தின் கட்டட அலுவலகம் பழைய மண்டபங்களின் கூரைகளைப் பற்றி விசாரிக்கத் தொடங்கியிருந்தது. ஆட்கள் கூடும் இடமென்றால், கூரை உறுதியாக இருக்கிறது என்று ஒரு கட்டடப் பொறியாளர் எழுதித் தர வேண்டும். கடிதம் வந்து கனகாலமாகியும் அண்ணை அதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். இப்போது அலுவலகத்திலிருந்து ஒருவர் அழைத்து, அந்த உறுதி கிடைக்காமல் மண்டபத்தைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

"நீங்கள் வெள்ளிக்கிழமையிலை வாற இடம்தானே. உங்களுக்குத் தெரியாத கூரையோ?"

"கீழை இருந்து தெரியும் அண்ணை. மேலை ஏறிப் பாக்கேல்லை."

"அப்ப ஏறிப் பாருங்கோ. நாளைக்கே வாங்கோ."

நான் ஜெர்மனியின் எசன் நகரில் ஒரு பொறியியல் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். பழைய கூரைகள் இன்னும் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. இந்தக் கோயில் மண்டபம் முன்பு ஒரு சுப்பர்மார்க்கெட். எசனைச் சுற்றியுள்ள ரூர் பகுதியில் எங்கள் கோயில்களும் சங்க மண்டபங்களும் பெரும்பாலும் இப்படியான கட்டடங்களில்தான் இருக்கின்றன: தாழ்ந்து அகன்று, நடுவில் தூணில்லாமல், முன்னால் கார் நிறுத்த இடத்தோடு. தூணில்லாமல் இருப்பதற்குக் காரணம் கூரை. மெல்லிய பலகைகளை முக்கோணச் சட்டகமாக அடுக்கி, அவை சந்திக்கும் இடங்களில் இரண்டு பக்கமும் ஓர் இரும்புத் தகடு வைத்து இயந்திரத்தால் அழுத்தியிருப்பார்கள். தகட்டிலேயே பல்லுப் பல்லாக வெட்டி மடித்திருக்கும். தனியாக ஓர் ஆணி கிடையாது. என் குறிப்புகளில் நான் அதை ஆணித்தகடு என்று எழுதுவேன். அந்தப் பற்கள் மரத்துக்குள் முழுதாக இறங்கியிருக்கும்வரை அது நல்ல கூரை. மரம் ஈரமாகிக் காய்ந்து மறுபடி ஈரமாகும்போது, அல்லது தாங்க முடியாத பாரம் வரும்போது, பற்கள் மெல்ல வெளியே வரும். வெளியே வந்த பல் தானாக உள்ளே போவதில்லை.

கனத்த மரமென்றால் முறிவதற்கு முன் வளைந்து காட்டும், முனகும். இந்தச் சட்டகங்கள் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. ஒன்று கைவிட்டால் அதன் பாரத்தைப் பக்கத்துச் சட்டகம் வாங்கும். அதற்கும் ஏலாமல் போனால் அதற்குப் பக்கத்தது. கீழே இருப்பவர்களுக்கு ஓடக்கூட நேரம் இருக்காது.

செவ்வாய்க்கிழமை மாலை வானிலைச் செய்தியில், வியாழக்கிழமையிலிருந்து பனி பெய்யும் என்றார்கள். எங்கள் பக்கத்தில் பனி அரிது. அதனால்தான் பல கூரைகள் தங்கள் பலவீனம் வெளியே தெரியாமலே காலத்தை ஓட்டிவிடுகின்றன.

புதன்கிழமை காலை போனேன். மண்டபத்தின் பக்கக் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க வழக்கம்போல ஒரு மரத்துண்டை வைத்திருந்தார்கள். செருப்புகளுக்கு நடுவில் கிடக்கும் அந்தத் துண்டைக் காலால் தள்ளிவிட்டு உள்ளே போவது எல்லோருக்கும் பழக்கம். கோயிலைக் கூட்டித் துடைக்கும் அக்கா வாளியோடு நின்றார்.

"கூரைக்கு ஏறப்போறியளோ? அப்ப அந்த எலியையும் ஒருக்காப் பாத்துக்கொண்டு வாங்கோ. நாளாந்தம் தானியத்தைக் கொட்டிப்போட்டுப் போகுது."

நான் சிரித்துவிட்டு ஏணியில் ஏறினேன். களஞ்சிய அறையின் உட்கூரையில் ஒரு சதுரக் கதவு. அதற்கு மேலே கூரைக்குள் குனிந்து நடக்கலாம். சட்டகங்களின் கீழ்மரங்களுக்குக் குறுக்கே ஒற்றைப் பலகை போட்டு நடைபாதை செய்திருந்தார்கள். கற்பூரமும் சாம்பிராணியும் வருடக்கணக்காக மேலே ஏறி, மரமெல்லாம் ஒரு மெல்லிய கரிப்படலம் படிந்திருந்தது. விரல் வைத்தால் ஒட்டியது.

முதற்பாதி நன்றாக இருந்தது. ஈரமானியின் ஊசியைக் குத்திப் பார்த்தேன்; மரம் காய்ந்த மரம். தகடுகளின் ஓரத்தில் நகத்தை வைத்தேன், நுழையவில்லை. சட்டகங்கள் பக்கவாட்டில் சரியாமல் பிடிக்கும் குறுக்குப் பலகைகளும் இருந்தன. ஒவ்வொரு சந்தியாகப் பார்த்து, எண் எழுதி, படம் எடுத்துக்கொண்டு போனேன். வேலை இப்படி ஒழுங்காகப் போகும் நாட்களில் எனக்கு மனம் அமைதியாக இருக்கும்.

மண்டபத்தின் சாமிப் பக்கம் நெருங்க நெருங்க அந்த அமைதி போய்விட்டது. ஒரு தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் என் விசிட்டிங் கார்ட் நுழைந்தது. அடுத்த சட்டகத்தில் அதை மடித்து வைத்தும் நுழைந்தது. டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். வெளியே வந்திருந்த பற்கள் மினுங்கின. சுற்றியுள்ள எல்லாவற்றிலும் கரி படிந்திருக்க, அந்தப் பற்களில் மட்டும் ஒன்றும் படியவில்லை. அவை அண்மையில் வெளியே வந்தவை. அதாவது, கூரை நகர்ந்துகொண்டிருந்தது.

இன்னும் இரண்டு சட்டகம் தாண்டிப் போனபோது நடைபாதைப் பலகை முடிந்தது. குறுக்கே ஒரு மஞ்சள் துணி கட்டியிருந்தது. அதற்கு அப்பால் மூலஸ்தானத்துக்கு மேலுள்ள இடம். விமானத்துக்காக உட்கூரையில் விட்டிருந்த திறப்பு வழியாக விளக்கு வெளிச்சம் லேசாக மேலே வந்தது. வெப்பம் காக்கும் பஞ்சை அங்கே குவித்து வைத்திருந்ததால் கீழ்மரங்கள் தெரியவில்லை. ஆனால் கூரையின் முகட்டு வரிசையை டோர்ச் வெளிச்சத்தில் ஒரு கண்ணால் பார்த்தபோது, அந்த இடத்தில் அது பள்ளமாக இறங்கியிருந்தது.

நான் துணியைத் தாண்டவில்லை. அது ஒரு தடை என்பதால் மட்டுமல்ல. சாமியின் தலைக்கு மேல் கால் வைப்பதற்கு எனக்கும் மனம் வரவில்லை. இறங்கி வந்தேன்.

"அண்ணை, அந்தத் துணிக்கு அங்காலை என்ன இருக்கு?"

"என்ன இருக்கும்? மூலஸ்தானம். சாமிக்கு மேலை ஆரும் ஏறுறேல்லை. கரண்ட் வேலைக்கு வந்த ஜெர்மன்காரன் கூட ஏறேல்லை. சொன்னவுடனை விளங்கிக்கொண்டான்."

"அப்ப நான் முழுக் கூரையையும் பாக்கேல்லை. பாக்காத கூரைக்கு எழுதித் தர ஏலாது."

"மிச்சமும் அதே மரம்தானே. ஒரே ஆக்கள் ஒரே நேரத்திலை போட்டது."

"இஞ்சாலை தகடு கழண்டு வருது அண்ணை. அங்காலை என்னவோ இழுக்குது."

அவர் முகம் மாறியது. அதை நான் கோபம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

"கோயில் அலுவல் எண்டா சனம் யோசிக்காமல் ஓடிவந்து செய்யும். நீங்கள் ஜெர்மன்காரனிலும் மோசமா நிக்கிறியள். சனிக்கிழமை என்ரை பிள்ளைக்குக் கல்யாணம், தெரியும்தானே?"

"தெரியும். அதுக்குத்தான் நிக்கிறன்."

எங்கள் குரல் உயர்ந்ததைக் கேட்டு ஐயர் உள்ளேயிருந்து வந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, சால்வையைச் சரிசெய்துகொண்டு சாதாரணமாகச் சொன்னார்:

"இதிலை சண்டை பிடிக்க என்ன கிடக்கு? திருத்த வேலை எண்டா பாலஸ்தாபனம் செய்யிறதுதானே. சாமியைக் கும்பத்திலை எழுந்தருளப் பண்ணி வசந்த மண்டபத்திலை வைப்பம். மேலை இருக்கிற கலசத்தை இறக்கிப்போடுவம். பேந்து அது வெறும் கட்டடம். நீங்கள் தாராளமா ஏறலாம்."

"இப்பவே செய்வமோ ஐயா?"

"இண்டைக்கு நவமி. நாளைக்குக் காலமை நல்ல நேரம் இருக்கு."

"நாளைக்குப் பனி வருது. பனிக்கு நவமி தசமி தெரியாது ஐயா."

"பனிக்குத் தெரியாதுதான். எனக்குத் தெரியுமே," என்று சொல்லிவிட்டு ஐயர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதுவரை மண்டபத்துக்குள் பூசை செய்பவரைத் தவிர ஒருவரையும் விடக்கூடாது என்று கேட்டுக்கொண்டு வந்தேன். அலுவலகத்தில் சக பொறியாளர் ஒருவரிடம், கூரையைத் தாங்கும் இரும்பு முண்டுகள் சிலவற்றை வாடகைக்கு எடுத்து வைக்கும்படி சொன்னேன். கட்டட அலுவலகத்துக்கும், இன்னும் பார்த்து முடிக்கவில்லை, அதுவரை மண்டபம் மூடியிருக்கும் என்று அறிவித்தேன்.

வியாழக்கிழமை விடிந்தபோது பனி தொடங்கிவிட்டிருந்தது. காரில் போகும் வழியெல்லாம் அது ஈரப்பனியாக விழுந்தது. கண்ணாடியில் பட்டதும் வழியாமல் கட்டியாக ஒட்டியது. காய்ந்த பனியென்றால் காற்று தள்ளிவிடும். ஈரப்பனி விழுந்த இடத்திலேயே கிடந்து பாரமாகும். கோயிலின் கார் நிறுத்துமிடம் வெள்ளையாகியிருந்தது. கூரையும் வெள்ளை. சாமிப் பக்கத்தில் பனியின் மேற்பரப்பிலேயே அந்தப் பள்ளம் தெரிந்தது.

கிரியைக்கென்று நாலைந்து பேர் வந்திருந்தார்கள். அவர்களை வாசலுக்கு வெளியே, கூரையோடு சேராத தாழ்வாரத்தில் நிற்கச் சொன்னேன். "குளிருக்கை நிக்கவோ கோயிலுக்கு வந்தனாங்கள்?" என்று ஒருவர் முணுமுணுத்தார். அவர் நிர்வாகசபையில் இருப்பவர். என்னைக் கண்டால் எப்போதும் ஏதாவது சீண்டுவார். உள்ளே ஐயர் கும்பத்தை வைத்து ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். கலசத்தை இறக்குவதற்கு அண்ணை ஏணி கொண்டுவந்திருந்தார்.

வாசலடியில் அக்கா கூட்டி அள்ளிய குப்பையை எனக்குக் காட்டினார்.

"பாருங்கோ, இண்டைக்கு எவ்வளவெண்டு. பொறி வைச்சும் எலி பிடிபடுதில்லை."

குப்பை அள்ளும் தட்டில் மஞ்சள் கலந்த சிறு தானியம், ஒரு சிரட்டை அளவுக்கு இருந்தது.

"எங்கை விழுது அக்கா?"

"மூலஸ்தானத்துக்குப் பின்பக்கம். முந்தி நாலு மணி தானியம்தான் கிடக்கும். இண்டைக்குத்தான் இவ்வளவு."

"எலிப்புழுக்கை கிடக்கோ?"

"இல்லையே. அதுதான் எனக்கும் விளங்கேல்லை. தின்னவும் காணேல்லை, சும்மா கொட்டுது."

கொஞ்சத்தை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தேன். வரகு. கோயில் சமையலறையில் யாரும் வரகு சமைப்பதில்லை. வரகு இருக்கும் இடம் ஒன்றே ஒன்று. கும்பாபிஷேகத்தின்போது நானும் நின்று பார்த்திருக்கிறேன்: மூலஸ்தான விமானத்தின் உச்சியில் வைக்கும் செப்புக் கலசத்துக்குள் வரகை நிறைத்து மூடுவார்கள்.

நான் ஓடினேன். அண்ணை ஏணியின் உச்சியில், உட்கூரைத் திறப்புக்குள் தோள்வரை நுழைந்து, கலசத்தை முன்கூட்டியே தளர்த்திவைக்க இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, கையை எடுங்கோ!"

"இது அசையுதில்லைத் தம்பி. கொஞ்சம் எண்ணெய் விட்டா—"

"இழுக்காதேங்கோ. தள்ளாதேங்கோ. கையை மட்டும் மெதுவா எடுத்துப்போட்டு இறங்குங்கோ."

என் குரலில் என்ன இருந்ததோ, அவர் மறுபேச்சில்லாமல் இறங்கினார். துடைப்பத் தடியில் என் கைத்தொலைபேசியைக் கட்டி, படம் ஓடவிட்டு, திறப்பு வழியாக மேலே நீட்டினேன். இறக்கிப் பார்த்தபோது மூவரும் குனிந்தோம்.

சட்டகமொன்றின் கீழ்மரம் நடுவில் வாளால் அறுக்கப்பட்டிருந்தது. அறுத்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் கலசம் போவதற்காக ஓர் இடைவெளி. முனைகள் அந்தரத்தில் நிற்காமல் இருக்கப் பக்கத்துச் சட்டகங்களுக்குக் குறுக்குமரம் போட்டு ஆணி அடித்திருந்தார்கள். குறுக்குமரம் வளைந்திருந்தது. ஒரு முனை இறங்கி வந்து கலசத்தின் வயிற்றில் உட்கார்ந்திருந்தது. செம்பு நசுங்கி, பொருத்து விரிந்து, அந்த வெடிப்பிலிருந்து வரகு ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருந்தது.

கூரையின் அந்தப் பகுதி கலசத்தின் மேல் நின்றது. ஐயர் சொன்ன ஒழுங்கின்படி, நான் மேலே ஏறிப் பார்ப்பதற்கு முன்பே கலசத்தை இறக்கியிருப்போம்.

அண்ணை ஏணியின் கீழ்ப்படியில் இருந்துவிட்டார். கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் வெட்டினனான்."

ஐயர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"ஸ்தபதி சாத்திர அளவிலை விமானத்தைக் கட்டி முடிச்சிட்டார். கலசம் வைக்கப் போனா மரம் இடிக்குது. சாமிக்கு அளவு குறைக்க ஏலாது. கூரையிலை குறைக்கலாம்தானே எண்டு யோசிச்சன். வந்த புதிசிலை தச்சு வேலைக்குப் போனனான். படிக்கட்டு வைக்க மாடி மரத்தை வெட்டிக் குறுக்குமரம் போடுறதைக் கண்டிருக்கிறன். அதுமாதிரித்தான் செய்தன். கீழை கிடக்கிற மரம் சீலிங்கை மட்டும்தானே பிடிக்குது எண்டு…"

அப்படி நினைத்தவர்களை நான் முன்பும் கண்டிருக்கிறேன். கீழே படுத்துக் கிடக்கும் மரம் சும்மா கிடப்பதுபோலத்தான் தெரியும். முக்கோணத்தின் இரண்டு கால்களும் அகன்று போகாமல் இழுத்துப் பிடிப்பது அதுதான். அதை அறுத்தால் அது வெறும் இரண்டு சாய்ந்த பலகை. பக்கத்துச் சட்டகங்கள்தான் இத்தனை வருடமும் அதைச் சுமந்தன. அவற்றின் பற்கள்தான் நான் பார்த்தபோது மினுங்கின.

"நேற்றே சொல்லியிருக்கலாமே அண்ணை."

"சனிக்கிழமை முடியட்டும் எண்டு பாத்தன்."

கதவோரத்தில் நின்றவர்கள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். நிர்வாகசபைக்காரர் தலைக்கு மேல் கை குவித்தார்.

"அப்ப இவ்வளவு காலமும் சாமிதான் கூரையைத் தாங்கியிருக்கு! பேந்தென்ன பயம், இஞ்சினியர்?"

மற்றவர்களும் கும்பிட்டார்கள். ஒருவர் உள்ளே காலெடுத்து வைத்தார். எனக்குப் பனியைவிட அந்தக் கும்பிடு பயத்தைத் தந்தது. கண்ணால் கண்ட ஆபத்தை அவர்கள் ஒரு வாக்குறுதியாக எடுத்துக்கொண்டார்கள்.

"தாங்கினது உண்மைதான்," என்றேன். "கலசம் நசுங்கிப் போச்சு. இன்னும் பாரத்தை ஏத்தி, இதையும் தாங்கும் எண்டு கேக்கிறது நல்லாயில்லை. தயவுசெய்து வெளியிலை போங்கோ."

அக்கா துடைப்பத்தைக் குறுக்கே பிடித்தார். "கேட்டதுதானே? நடவுங்கோ." அவர்கள் போனார்கள்.

ஐயர் மட்டும் போகவில்லை. நல்ல நேரம் தொடங்கிவிட்டது. ஆவாகனத்தைச் செய்யாமல் சாமியை அங்கே விட்டுவிட்டுப் போக அவருக்கு ஏலாது. கலசத்தைத் தொட வேண்டாம் என்றேன்.

"தொடத் தேவையில்லை. நூல் கட்டினாக் காணும். சாமி நூல் வழியா வரும்."

தர்ப்பையோடு முறுக்கிய நூலை விமானத்தின் அடியில் தளர்வாகச் சுற்றி, மறுமுனையைக் கும்பத்தில் கட்டினார். பிறகு கூரையின் மிக மோசமான இடத்துக்கு நேர்கீழே உட்கார்ந்து மந்திரத்தைத் தொடங்கினார்.

முண்டுகளோடு வர வேண்டிய வாகனம் பனியில் மெதுவாக வந்துகொண்டிருந்தது. நான் லேசர்க் கருவியைக் கல் சுவரோரம் வைத்து, அதன் சிவப்புப் புள்ளியைத் திறப்புக்குள் தெரிந்த பக்கத்துச் சட்டகத்தின் கீழ்மரத்தில் விழச்செய்தேன். ஏணியை அந்தச் சுவரில் சாய்த்து ஏறி, புள்ளி விழுந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். கோடு புள்ளியிலேயே நின்றால் கூரை அசையவில்லை. கோடு கீழே போனால் கூரை கீழே போகிறது. மேலே எங்கோ 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது, சமையலறை அடுப்பு ஆறும்போது கேட்பதுபோல. பிறகு ஒன்றுமில்லை. பிறகு மறுபடி ஒன்று. கோடு புள்ளியின் நடுவிலிருந்து அதன் கீழ் விளிம்புக்கு இறங்கியிருந்தது.

"ஐயா, எழும்புங்கோ."

அவர் மந்திரத்தை நிறுத்தாமல் இடது கையால் என்னை வெளியே போகச் சொன்னார். நான் போகவில்லை. அதைத் துணிச்சல் என்று சொல்லமாட்டேன். அவரைத் தனியே விட்டுவிட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஏலாமல் இருந்தது. அண்ணையும் போகவில்லை. மூவரில் ஒருவர் ஓதிக்கொண்டிருந்தார், மற்ற இருவரும் ஒரு சிவப்புப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கோடு புள்ளியை விட்டுக் கீழே போனது. வரகு இப்போது காதுக்குக் கேட்குமளவுக்கு உதிர்ந்தது.

ஐயர் நூலை அறுத்து, கும்பத்தை இரண்டு கையாலும் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். ஓடவில்லை. வெளித் தாழ்வாரம்வரை ஒரே நடையாகப் போனார். அவர் வாசலைத் தாண்டிய பிறகுதான் அண்ணையும் நானும் வெளியே வந்தோம்.

முண்டுகள் வந்ததும் என் சக பொறியாளரும் நானும், அவரோடு வந்த வேலையாட்கள் இருவரும் உள்ளே போனோம். நல்ல சட்டகங்களிலிருந்து தொடங்கி மோசமான இடத்தை நோக்கி, கீழ்மரங்களுக்குக் கீழே தடித்த பலகை கொடுத்து முண்டுகளை நிறுத்தினோம். திருகாணியைத் திருப்புகிறவருக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே: தூக்கக் கூடாது, தொட்டால் போதும். அவசரத்தில் தூக்கினால் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும் பற்களும் விட்டுவிடும். கடைசி முண்டு இறுகிய பிறகு லேசரைப் பார்த்தேன். கோடு நின்றுவிட்டது. கலசத்தை அப்படியே விட்டோம்.

தாழ்வாரத்தில் மணமகள் வந்து நின்றிருந்தாள். மருத்துவமனையில் தாதியாக வேலை செய்பவள். வேலையுடுப்புக்கு மேல் குளிர்ச்சட்டை போட்டபடி நேரே வந்திருந்தாள். அவளுக்கு முன்னால் அண்ணை என்னிடம் கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்த்தார்.

"தம்பி, இப்ப முண்டு குடுத்தாச்சுத்தானே. முண்டுகளுக்கு வாழையைக் கட்டி, சீலையைச் சுத்தி மறைச்சுப்போட்டு… சனத்துக்குத் தெரியாது. மணவறையை வாசல் பக்கம் வைச்சா?"

அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு மறுப்பது கஷ்டமாக இருந்தது. அழைப்பிதழ் கொடுத்தாயிற்று, கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கியிருந்தார்கள். முண்டுகள் அந்த மூலையைப் பிடித்திருந்தன. வாசல் பக்கம் நான் பார்த்தவரை நல்ல மரம்தான். அரைவாசி உண்மையை வைத்துக்கொண்டு ஓம் என்று சொல்ல வழி இருந்தது.

மகள் குறுக்கிட்டாள்.

"மாமா, சனிக்கிழமை இதுக்குள்ளை சனத்தை இருத்தலாமோ? ஓம் எண்டோ இல்லை எண்டோ சொல்லுங்கோ."

"இல்லை."

"சரி." அவள் தகப்பன் பக்கம் திரும்பினாள். "அப்பா, ஆர் வெட்டினது, ஏன் வெட்டினது எண்டு பேந்து கதைப்பம். இப்ப எனக்கு வேறை ஒரு மண்டபம் வேணும். காரிலை ஏறுங்கோ."

அவர் ஏறினார்.

இரண்டு தெரு தள்ளியிருந்த தேவாலயத்தின் சபை மண்டபம் அன்று மாலைக்குள் கிடைத்தது. ஓமப் புகைக்காகத் தீ எச்சரிக்கைக் கருவியை நிறுத்தி வைக்க, போதகர் தானே ஒரு கதிரையில் ஏறினார் என்று பிறகு சொன்னார்கள். நான் கட்டட அலுவலகத்துக்கு எழுத வேண்டியதை எழுதினேன்: கூரை பாதுகாப்பானதல்ல, மண்டபம் மூடப்பட்டுள்ளது. அந்த வசனத்தை எழுதும்போது, எங்கள் சனத்துக்கு இருக்கும் ஒரு கோயிலை நானே பூட்டுகிறேன் என்பது தெரிந்துதான் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை முண்டுகளைச் சரிபார்க்கப் போனபோது மஞ்சள் துணியைத் தாண்டினேன். ஐயர் அனுமதி தந்திருந்தார். சாமி கும்பத்தில், வேறோர் இடத்தில் இருந்தார். இருந்தாலும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலுறையோடுதான் போனேன். அறுத்த சட்டகத்துக்கு இரண்டு பக்கத்திலும் இருந்தவற்றில், சில தகடுகள் மரத்தைவிட்டு முழுதாகக் கழன்று, ஒரு மூலையில் மட்டும் தொங்கின. இறங்கி வந்தபோது பக்கக் கதவடியில் அந்த மரத்துண்டு வழக்கம்போலக் கிடந்தது. இந்த முறை அதைக் கையில் எடுத்தேன். கூரையில் பார்த்த அதே அளவுப் பலகை, இரண்டு முனையும் வாள் வெட்டு, நடுவில் ஆணித்தகடு. அறுத்தெடுத்த கீழ்மரம். அண்ணை வீணாக்காமல் கதவுக்கு வைத்திருக்கிறார். தகட்டின் ஓரத்தில் நகத்தை வைத்துப் பார்த்தேன்; நுழையவில்லை. அந்தக் கூரையில் நான் பார்த்த மிக உறுதியான சந்திகளில் அதுவும் ஒன்று.

"இண்டைக்கு ஒரு மணி வரகு விழேல்லை," என்று அக்கா சொன்னார்.

அதற்குள் பனி மழையாக மாறிவிட்டது. சனிக்கிழமை காலை தெருவில் பனி இருந்த அடையாளமே இல்லை. கோயில் கூரை நின்ற இடத்தில் நின்றது. முண்டு கொடுக்காமல் இருந்தாலும் நின்றிருக்குமா என்று எவரும் சொல்ல முடியாது; என்னாலும் முடியாது. என் வேலையில் இது வழக்கம். சரியாகச் செய்தால் ஒன்றும் நடப்பதில்லை. ஒன்றும் நடக்காததை யாருக்கும் எடுத்துக் காட்டவும் முடியாது.

சபை மண்டபத்தில் பந்தியில் நிர்வாகசபைக்காரர் எனக்கு எதிரே இருந்தார்.

"எங்கை இஞ்சினியர் உங்கடை பனி? ஒரு தூறலுக்குக் கோயிலைப் பூட்டிப்போட்டு, வேதக்காரரின்ரை மண்டபத்திலை வடை சாப்பிட வைச்சிட்டியள்."

நான் பதில் சொல்வதற்குள், பட்டுவேட்டியோடு பந்தியைப் பார்த்துக்கொண்டு வந்த அண்ணை நின்றார்.

"அவரைக் கேக்காதையும். மரத்தை வெட்டினது நான். மறைச்சதும் நான். கேக்கிறதை என்னைக் கேளும்."

அதைச் சத்தமாகவே சொன்னார். பக்கத்து வரிசைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நிர்வாகசபைக்காரர் வடையைப் பார்த்தார். அண்ணை அவருக்கு இன்னொரு வடை வைக்கச் சொல்லிவிட்டு என் பக்கத்துக் கதிரையில் இருந்தார். மணவறையில் மகள் சிரித்துக்கொண்டு படத்துக்கு நின்றாள். அவளைச் சுற்றி இருந்த பிள்ளைகள், சொந்தக்காரர், தாளம் போட்டுக்கொண்டிருந்த முதியவர்கள் எல்லோரையும் அவர் ஒருமுறை பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார்.

"தம்பி, இது என்ன கூரை?"

"கொங்கிரீட் அண்ணை. பாத்திட்டன்."

"எப்ப பாத்தனீங்கள்?"

"நேற்று."

"நினைச்சனான்," என்று சொல்லிவிட்டு, அவர் மகள் பக்கம் திரும்பினார்.